பதக்கத்தின் பின்னும் தொண்டு

ஆகஸ்ட் மாதத்தில் எமது அம்பாள் தேரேறி வெஸ்ட் ஈலிங் வீதிகளில் பவனி வரும்போது வடம் பிடிப்போரை யாவரும் காண்கிறோம். தண்ணீர்ப் பந்தலுக்கு வாளி சுமந்தவரையும், அடியார்கள் சென்றபின் வீதி கூட்டியவரையும் அறிவோர் சிலரே. விளையாட்டு மைதானத்திலும் இதே கதைதான். கிண்ணம் பெற்ற பிள்ளையின் படம் வரும். விடியற்காலை வந்து சுண்ணாம்புக் கோடு போட்டவரின் பெயர் வராது. பதக்கமும் பெற்று, பின்னர் பிறர் பிள்ளைகளுக்காகவும் உழைத்த ஒருவரை இவ்விதழில் நினைவுகூர விரும்புகிறோம்.

கலாநிதி நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934 ஆம் ஆண்டு பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். (அக்கல்லூரிப் பழைய மாணவர்கள் இப்பெயரைக் கேட்டாலே நெஞ்சை நிமிர்த்துவார்கள். மற்றைய கல்லூரிக்காரரும் இந்த ஒரு விடயத்தில் மட்டும் வாதாடுவதில்லை!) 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் கலந்துகொண்டபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. 1956 இல் மெல்பேண் ஒலிம்பிக். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், ஏறக்குறைய 6 அடி 8 அங்குலம் பாய்ந்து தங்கம் வென்றார். அவ்விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. இன்று பிள்ளைகள் விழும் தடித்த மெத்தைகள் அன்று இல்லை, விழுந்தது மணலில். 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் கிடைத்தது.

அமெரிக்காவில் படித்துக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், சியெரா லியோன், பப்புவா நியூகினி முதலிய நாடுகளில் பணியாற்றினார். அதன்பின் ஓய்ந்து இருந்திருக்கலாம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை அடுத்து, அறுபதைக் கடந்த வயதில், வடக்கு கிழக்கின் கல்விக்கும் விளையாட்டுக்குமாக ஊர் திரும்பி உழைத்தார். யுத்தத்தில் ஒரு தலைமுறைக்கு மைதானமும் இல்லை, பயிற்றுநரும் இல்லை என்றாகியிருந்த காலம் அது. தங்கம் வென்றதிலும் இதுவே பெரிதென்பது எமது எண்ணம். 2024 ஏப்ரலில் அவர் காலமானார்.

இங்கு எமது பிள்ளைகளுக்கு இடத்துக்குக் குறைவில்லை. அண்மையில் பெரிவேல் பூங்காவிலேயே ஓட்டப்பாதை உண்டு. கோடையில் பழைய மாணவர் சங்கங்களும் போட்டிகள் வைக்கின்றன. குறைவது ஆட்களே. சனிக்கிழமை ரியூசனுக்கு மூன்று இடம் ஏற்றி இறக்கும் பெற்றோர், மெய்வல்லுநர் போட்டியென்றால் நேரமில்லை என்கிறார்கள். வருடந்தோறும் அதே நாலைந்து பேர், இப்போது முழங்கால் நோவோடு, அளவுநாடா பிடிக்கிறார்கள்.

நேரம் குறிக்கவும், விழுந்த கம்பை எடுத்து வைக்கவும் ஒலிம்பிக் வீரர் தேவையில்லை. வரும் கோடையில் பிள்ளையை இறக்கிவிட்டுக் காருக்குள் நித்திரை கொள்ளும் அப்பாமார் முதலில் இறங்கி வரலாம்.