மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து
மாநகரசபை நிதியுதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி?



இந்தப் பக்கத்தில் வழக்கமாக நீரிழிவு, குருதியமுக்கம், கொலஸ்ரரோல் என்று எழுதி வருகிறோம். இம்முறை நிதியுதவி விண்ணப்பங்களைப் பற்றி எழுதுகிறோம். இது வைத்தியருக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று சிலர் நினைக்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சில வருடங்களுக்கு முன் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா எம்மிடம் வந்துகொண்டிருந்தார். ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் பதினான்காவது தளத்தில் மகன் குடும்பத்துடன் வசித்தார். மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் ஏ1சி பரிசோதனை கோடை முடிவில் அவருக்கு 7 வீதத்துக்கு அருகில் இருக்கும். மாசி, பங்குனியில் 9 வீதத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் இதே கதைதான். மருந்தைக் கூட்டிப் பார்த்தோம், சாப்பாட்டைக் கேட்டுப் பார்த்தோம். ஒருநாள் "அம்மா, நடக்கிறீங்களா?" என்று கேட்டபோது, "எங்க தம்பி நடக்கிறது? வெளியில ஐஸ். விழுந்தா ஆர் தூக்கிறது?" என்றார்.

அவருக்குத் தேவைப்பட்டவை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சூடான ஒரு மண்டபமும், கூட நடக்க நாலு பேரும்தான். அதை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. மாநகரசபையின் சமூக நிதியுதவியில் கிடைக்கலாம்.

யார் எதற்குப் பணம் தருகிறார்கள்?

எமது மக்கள் முதலில் குழம்புவது இந்த இடத்தில்தான். வைத்தியரைப் பார்ப்பதற்கும் வைத்தியசாலைக்கும் பணம் தருவது மாகாண அரசு. எமது ஓஹிப் அட்டை மாகாணத்துக்குரியது. மாநகரசபையின் சமூக நிதியுதவி நோய்க்குச் சிகிச்சை செய்வதற்கானதல்ல. அயலில் வாழும் மக்கள் ஒன்றுகூடவும், தனிமை குறையவும், சேவைகளை அறிந்து பயன்படுத்தவும் உதவும் திட்டங்களுக்கே அது வழங்கப்படுகிறது.

எந்த மாநகரம் என்பதையும் கவனியுங்கள். ஸ்காபரோ 1998 ஆம் ஆண்டு முதல் ரொறொன்ரோ மாநகரத்துடன் இணைந்துள்ளது. ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே இருப்பவர்கள் மார்க்கம் மாநகரத்தவர்கள். வீதியின் இரு பக்கமும் எமது ஆட்கள் இருக்கிறார்கள், கோயிலும் கடையும் ஒன்றுதான். ஆனால் விண்ணப்பம் போக வேண்டிய இடம் வேறு.

இந்தப் பணம் யாருடைய பிச்சையுமல்ல. வீட்டு வரியாகவும் வாடகைக்குள் மறைந்த வரியாகவும் நாம் கட்டுகிற பணமும் அதில் இருக்கிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இங்கே முறையாக எழுதிக் கேட்ட பிள்ளை குடிக்கும்.

நாம் தோற்ற விண்ணப்பம்

எமது முதல் விண்ணப்பத்தை நாமே எழுதினோம். தெற்காசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே வருகிறது, உடல் பருமன் குறைவாக இருந்தாலும் வருகிறது, ஆகவேதான் எமது ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே ஆபத்து என்று கொள்கிறார்கள் என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதினோம். எழுதியதெல்லாம் உண்மை. முடிவில் சீனி பார்க்கும் கருவிகளும், அதற்கான பட்டிகளும், மாதம் ஒரு வைத்தியர் உரையும் கேட்டோம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எமக்குக் கோபம் வந்தது. சில மாதங்கள் கழித்து அதே விண்ணப்பத்தை அமைதியாக வாசித்தபோது வெட்கம் வந்தது. எந்தக் கட்டடம், எத்தனை பேர், மண்டபத்தை யார் திறப்பார், ஆறு மாதத்தில் என்ன மாறும் என்ற ஒரு கேள்விக்கும் அதில் பதிலில்லை. மாகாணத்திடம் கேட்க வேண்டியதை மாநகரத்திடம் கேட்டிருந்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் அந்த அம்மாவின் காலில் புண் வந்தது. ஒரு விரலை அகற்ற வேண்டியதாயிற்று. நிதி கிடைத்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று ஒரு வைத்தியராக எம்மால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குளிர்காலம் வீணாகப் போனது எமக்குத் தெரியும். அதனால்தான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை

1. தேவையைச் சிறிய வட்டத்தில் காட்டுங்கள். "எமது சமூகம் கஷ்டப்படுகிறது" என்பது போதாது. ரொறொன்ரோ மாநகரசபை நகரத்தை 158 அயற்பகுதிகளாகப் பிரித்து, 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஒவ்வொன்றிலும் முதியோர் எத்தனை பேர், என்ன தாய்மொழி, வருமானம் எவ்வளவு என்பதை இணையத்தில் வெளியிட்டுள்ளது. 2014 இல் 31 பகுதிகளை மேம்பாட்டுக்குரியவையாக அறிவித்தது. உங்கள் பகுதி அவற்றில் உள்ளதா என்று பாருங்கள். பிறகு கட்டடத்தின் வாசலில் ஒரு சனிக்கிழமை நின்று இருபது பேரிடம் கேளுங்கள். நாம் கேட்டபோது அதிகம் பேர் சொன்னது நோயைப் பற்றியல்ல. "பகல் முழுக்கக் கதைக்க ஆளில்லை" என்பதுதான். எமது இரண்டாவது விண்ணப்பத்தின் முதல் வசனமும் அதுவே.

2. அமைப்பு உண்டா என்று பாருங்கள். பெரும்பாலான நிதியுதவிகள் பதிவுசெய்த இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கே கிடைக்கும். உங்களிடம் பதிவில்லையென்றால், ட்ரஸ்டி எனப்படும் பொறுப்பு அமைப்பு ஒன்றின் கீழ் விண்ணப்பிக்கச் சில திட்டங்கள் இடம் தருகின்றன. பணம் அவர்களிடம் வரும், வேலையை நீங்கள் செய்வீர்கள். இருவருக்குமிடையே எழுத்தில் ஒப்பந்தம் இருக்கட்டும். முன்பே பதிவுசெய்த சங்கங்கள் தமது யாப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒன்ராறியோவின் புதிய இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டம் 2021 ஐப்பசி 19 இல் நடைமுறைக்கு வந்தது. பழைய யாப்பை மாற்றிக்கொள்ளத் தரப்பட்ட மூன்று வருடங்கள் 2024 ஐப்பசியில் முடிந்துவிட்டன.

3. கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். துன்புறுத்தலுக்கும் பாகுபாட்டுக்கும் எதிரான சட்டங்களைப் பின்பற்றுவோம் என்ற உறுதிமொழியில் ரொறொன்ரோ மாநகரசபை கையொப்பம் கேட்கும். தமிழில் நடத்தலாம், தமிழரே முன்னின்று நடத்தலாம். ஆனால் பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா வந்தால் வெளியே நிறுத்த முடியாது. எம்மிடம் அப்படி இருவர் வந்தார்கள். கதைக்கப் பொது மொழியில்லை, ஆனால் சேர்ந்து நடக்க அது தடையாக இருக்கவில்லை.

4. என்ன செய்வீர்கள், என்ன மாறும் என்பதைப் பிரித்து எழுதுங்கள். "வாரம் மூன்று முறை ஒன்றுகூடுவோம்" என்பது நீங்கள் செய்வது. "ஆறு மாத முடிவில் வருபவர்களில் பாதிப்பேராவது வாரத்தில் 90 நிமிடம் நடப்பார்கள், தமக்குப் பழக்கமான அயலவர் ஒருவரின் பெயரைச் சொல்வார்கள்" என்பது மாற்றம். வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி நல்லது என்பது மருத்துவ ஆலோசனை. ஆனால் எழுபது வயதில் தொடங்குபவருக்கு அதை முதல் மாதமே இலக்காக வைக்காதீர்கள். அடைய முடியாத இலக்கை எழுதினால் கடைசியில் அறிக்கை எழுதும்போது நீங்கள்தான் அகப்படுவீர்கள்.

5. வரவுசெலவு சரியாகக் கூட்டப்பட வேண்டும். மண்டப வாடகை, காப்புறுதி, தேநீர், அச்சுச் செலவு, நடத்துபவருக்கான கொடுப்பனவு எல்லாம் தனித்தனி வரியில் வரட்டும். விண்ணப்பப்படிவம் கேட்டால் தொண்டர்களின் நேரத்தையும், இலவசமாகக் கிடைத்த மண்டபத்தையும் பங்களிப்பாகக் காட்டுங்கள். எமது சனம் செய்யும் தொண்டுக்குக் கணக்கு வைப்பதில்லை. அந்தப் பெருந்தன்மை விண்ணப்பத்தில் வெறும் பூச்சியமாகத் தெரியும்.

6. பாதுகாப்பை மறக்காதீர்கள். முதியோருடன் வேலை செய்யும் தொண்டர்களுக்குப் பொலிஸ் சரிபார்ப்புப் பத்திரம் தேவைப்படலாம். அது கைக்கு வரச் சில வாரங்கள் எடுக்கும். வருபவர்களின் சீனி அளவையும் மருந்து விபரத்தையும் பெயருடன் கொப்பியில் எழுதி வைக்காதீர்கள். அவை குடும்ப வைத்தியரிடம் இருக்க வேண்டியவை. உங்களுக்குத் தேவையானவை வருகைப் பதிவும் அவசரத் தொலைபேசி இலக்கமும்தான். காலில் புண் உள்ளவரை நடக்க விடாதீர்கள். வைத்தியர் சம்மதித்தால் கதிரையில் இருந்தபடி பயிற்சி செய்யலாம். இன்சுலின் போடுபவர் கையில் இனிப்பு ஒன்று இருக்கட்டும்.

7. அனுப்புமுன் அதிகாரியுடன் பேசுங்கள். திட்டங்களின் பெயர், தொகை, முடிவுத் திகதி வருடத்துக்கு வருடம் மாறக்கூடும். ரொறொன்ரோவில் 311 இலக்கத்தை அழைத்தால் உரிய பிரிவைச் சொல்வார்கள். தகவல் கூட்டம் வைத்தால் கட்டாயம் போங்கள். எமது முதல் விண்ணப்பத்தின் தவறு பத்து நிமிடத் தொலைபேசி உரையாடலில் தெரிந்திருக்கும். நாம்தான் பேசவில்லை. படித்தவர்களுக்கு இருக்கும் வருத்தம் அது.

மாநகரசபையில் கிடைக்கவில்லையென்றால் மனம் தளராதீர்கள். மத்திய அரசின் முதியோருக்கான புதிய எல்லைகள் திட்டம் சமூகச் செயற்பாடுகளுக்கு 25,000 டொலர் வரை வழங்கி வந்துள்ளது. மாகாணத்தின் ஒன்ராறியோ ட்ரில்லியம் நிதியமும் இருக்கிறது. ஒருமுறை நன்றாக எழுதிய தேவைப் பகுதி மற்ற இடத்துக்கும் உதவும்.

நிதி கிடைத்த பிறகு

இரண்டாவது விண்ணப்பத்தில் கேட்டதை விடக் குறைவாகவே கிடைத்தது. மதிய உணவை வெட்டித் தேநீரை வைத்துக்கொண்டோம். நாற்பது பேர் வருவார்கள் என்று எழுதியிருந்தோம். முதல் மாதம் வந்தவர்கள் பதினெட்டுப் பேர். இடைக்கால அறிக்கையில் என்ன எழுதுவது என்று குழுவுக்குள் வாக்குவாதம் நடந்தது. "நாற்பது என்று போடுங்கோ, ஆர் எண்ணப் போறாங்கள்" என்றார் ஒருவர். நாம் பதினெட்டு என்றே எழுதினோம். ஊரைவிட்டு ஓடிவந்து இன்னொரு நாட்டில் ஒரு சமூகமாக எழும்பி நிற்கும் எமக்கு நம்பிக்கைதான் முதல். அது ஒருமுறை போனால் அடுத்து வரும் சங்கங்களுக்கும் சேர்த்துத்தான் போகும்.

அறிக்கையைப் பார்த்த அதிகாரி கோபிக்கவில்லை. ஏன் குறைவு என்று விசாரித்தீர்களா என்று கேட்டார். விசாரித்தோம். நாம் வைத்த நேரம் பின்னேரம் மூன்று மணி. அந்த நேரத்தில் எமது அம்மம்மா, அப்பப்பாமார் எல்லோரும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரப் பாடசாலை வாசலில் நிற்கிறார்கள்! காலை பத்து மணிக்கு மாற்றினோம். பங்குனி மாதத்தில் முப்பத்தினாலு பேர் வந்தார்கள். நாற்பது ஆகவில்லை. அதையும் அப்படியே எழுதினோம்.

பதினான்காவது தளத்து அம்மாவும் வருகிறார். கால் ஆறிய பின்பு விசேட சப்பாத்துப் போட்டு, தள்ளுவண்டி பிடித்து இரண்டு சுற்று நடப்பார். மிச்ச நேரம் கதிரையில் இருந்து வருகைப் பதிவைப் பார்த்துக்கொள்வார். யாராவது இரண்டு நாள் வராவிட்டால் அவரே தொலைபேசி எடுப்பார். சென்ற மாசியில் அவருடைய ஏ1சி 8 வீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. இன்னும் குறைய வேண்டும். ஆனால் குளிர்காலத்தில் அந்த எண்ணை அவரிடம் நாம் கண்டது அதுதான் முதல்தடவை.

உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். இந்த வாரமே கீழ்த்தள மண்டபம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். பனி வருமுன் தொடங்க வேண்டிய வேலை இது.