20 டாலர் நோட்டுக்கு இன்னும் வராத ஹேரியட் டப்மன்: என்னதான் சிக்கல்?

அமெரிக்காவின் 20 டாலர் நோட்டில் இருப்பவர் முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன். தன் தோட்டத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர். அவர் இருக்கும் பக்கத்தில் ஹேரியட் டப்மன் படம் வரும் என்று 2016 ஏப்ரலில் அந்நாட்டு நிதித் துறை அறிவித்தது. நோட்டு இன்னும் வந்தபாடில்லை.

யார் இவர்?

மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தவர். தப்பப் பார்த்த இன்னொரு அடிமையைக் குறிவைத்து மேற்பார்வையாளர் வீசிய எடைக்கல், சிறுமியாக இருந்த டப்மனின் தலையில் பட்டது. அதன்பின் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரெனத் தூங்கிவிடுவார். வாழ்நாள் முழுக்க இந்தத் தொல்லை இருந்தது. 1849-ல் தனியாகத் தப்பி பிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் சுமார் 13 முறை அதே மேரிலாந்துக்குத் திரும்பிப் போய், ஏறக்குறைய 70 பேரைக் கூட்டிவந்தார். (300 பேர் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள், அது மிகை.) 1850-ல் தப்பியோடியவர்களைப் பிடித்துக்கொடுக்கும் சட்டம் கடுமையானதும், வட மாகாணங்களிலும் பாதுகாப்பில்லை என்றாகி, கனடா வரை கூட்டிப்போனார். புறப்படத் தேர்ந்தெடுத்தது இரவு நீண்ட குளிர்காலம். கிழமை பெரும்பாலும் சனி. ஏன் சனி? ஓடிப்போனவர் பற்றிய விளம்பரம் திங்கள்கிழமைதான் பத்திரிகையில் அச்சேறும். அதற்குள் எவ்வளவோ தூரம் போய்விடலாமே!

உள்நாட்டுப் போரில் வடக்கு ராணுவத்துக்கு சமையல், நர்ஸ் வேலை, உளவு எல்லாம் பார்த்தார். 1863 ஜூனில் தென் கரோலினாவின் கம்பாஹி ஆற்றுத் தாக்குதலுக்கு வழிகாட்டினார். அதில் மட்டும் 700-க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள்.

போர் முடிந்து பென்ஷனுக்கு 30 வருஷம் இழுத்தடித்தார்கள். 1895-ல் கிடைத்ததுகூட, ராணுவ வீரரின் விதவை என்ற முறையில் மாதம் 8 டாலர். 1899-ல் நர்ஸ் வேலையைக் கணக்கில் எடுத்து உயர்த்தினார்கள். எவ்வளவு தெரியுமா? மாதம் 20 டாலர். உளவு வேலை கணக்கிலேயே வரவில்லை.

இப்போது நோட்டு விஷயம். ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில், 2019-ல், நிதியமைச்சர் ஸ்டீவன் மனூச்சின் 'முதலில் கள்ளநோட்டுத் தடுப்பு அம்சங்கள், படம் பிறகு' என்று தள்ளிவைத்தார். 2021-ல் பைடன் அரசு வேகப்படுத்துவதாகச் சொன்னது. ஆனால் அப்போதும் அட்டவணையில் புதிய 20 டாலர் நோட்டுக்கு 2030 என்றுதான் இருந்தது. பாதுகாப்பு அம்சங்களை மாற்ற வருஷக்கணக்கில் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அரசு மாறும்போதெல்லாம் பேச்சும் மாறுவதற்கு அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது.

நடுவில் 2024-ல் டப்மன் உருவத்தில் நினைவு நாணயங்கள் வந்தன; சேகரிப்பவர்களுக்கானவை, கடையில் கொடுத்துப் பொருள் வாங்க அல்ல. அதே ஆண்டு நவம்பரில், அவர் இறந்து 111 வருஷம் கழித்து, மேரிலாந்து தேசியக் காவல் படை அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி கொடுத்தது.