ஈராக் யுத்தம்: இலாபம் யாருக்கு? நட்டம் யாருக்கு?

தேநீர்க்கடையில் உலக அரசியல் பேசாத ஊர் நமது கரையோரத்தில் இல்லை. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை, எங்கோ ஒரு நாட்டில் யுத்தம் மூண்டால் அன்று மாலையே "யார் வெல்வார்?" என்ற விவாதம் தொடங்கிவிடும். இரண்டு கட்சியாகப் பிரிந்து இரவு வரை பேசுவோம்.

கல்முனை பஸாரில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்டால், அவர் வேறு விதமாகத்தான் கணக்குப் பார்ப்பார். பெருநாள் காலத்தில் கடை நிறையச் சனம், கல்லாப்பெட்டி நிறையக் காசு. ஆனால் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய கடன், கடை வாடகை, வேலையாட்களின் சம்பளம், விற்காமல் தேங்கிய சரக்கு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் நட்டம். அந்த வியாபாரத்தை வெற்றி என்று அவர் சொல்வாரா? விற்பனை வேறு, இலாபம் வேறு என்பது அவருக்குத் தெரியும்.

இந்த அளவுகோலை 2003 ஈராக் யுத்தத்தின் மீது வைத்துப் பார்ப்போம். இருபது வருடங்களுக்கு மேல் கடந்துவிட்டதால், இன்று ஓரளவு முழுமையாகவே கணக்கெடுக்க முடிகிறது.

மூன்று வாரத்து வெற்றி

2003 மார்ச் 20ஆம் திகதி அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக் மீது படையெடுத்தன. ஏப்ரல் 9ஆம் திகதி பக்தாத் வீழ்ந்தது. மே முதலாம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் விமானந்தாங்கிக் கப்பலொன்றில் நின்று, பிரதான போர் நடவடிக்கைகள் முடிவடைந்ததாக அறிவித்தார். களத்தில் வென்றவர் யார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

யுத்தத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கண்டுபிடிக்கப்படவேயில்லை. இந்த யுத்தம் ஐ.நா. சாசனத்துக்கு முரணானது என 2004இல் அப்போதைய செயலாளர் நாயகம் கொபி அனானே கூறினார்.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். யுத்தத்துக்கு முன்னர், செலவு 50 பில்லியன் டொலருக்குக் குறைவாகவே இருக்கும் என அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்பெல்ட் சொன்னார். ஈராக்கின் எண்ணெய் வருமானமே அந்நாட்டின் மீள்கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ளும் என்றும் அவரது பிரதிச் செயலாளர் கணக்குப் போட்டார். நடந்தது வேறு. அமெரிக்கக் காங்கிரஸின் ஆய்வுச் சேவை 2014இல் எடுத்த கணக்கின்படி நேரடிச் செலவு மட்டும் சுமார் 815 பில்லியன் டொலர். காயமடைந்த படையினருக்கான நீண்டகால மருத்துவம், கடனுக்கான வட்டி போன்றவற்றையும் சேர்த்தால் மொத்தம் 3 டிரில்லியன் டொலர் வரும் என, நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும் 2008இலேயே கணித்தனர்.

இந்தப் பணம் கையிருப்பிலிருந்து எடுக்கப்பட்டதல்ல. யுத்தம் தொடங்கிய அதே 2003இல் அமெரிக்க அரசு வரியைக் குறைத்தது. ஆகவே யுத்தம் கடனில் நடந்தது. கடன் வாங்கியவர்கள் பதவியிலிருந்து போய்விட்டார்கள். கட்டுவது அடுத்த தலைமுறை.

உயிர்க் கணக்கு இதனிலும் கொடியது. சுமார் 4,500 அமெரிக்கப் படையினரும் 179 பிரித்தானியப் படையினரும் இறந்தனர். ஈராக்கியப் பொதுமக்களில் ஆவணப்படுத்தப்பட்ட மரணங்கள் மட்டும் 1 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டுகின்றன. இந்தத் தொகையை எந்த நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலும் காண முடியாது.

இலாபம் எங்கே போனது?

நட்டம் இவ்வளவு என்றால் யாருக்குமே இலாபம் இல்லையா? இருந்தது. முதலாவதாக ஒப்பந்தக்காரர்களுக்கு. படையினருக்குச் சமைத்துப் போடுவது, முகாம் அமைப்பது, எரிபொருள் ஏற்றுவது எல்லாமே தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டன. கே.பி.ஆர். என்ற ஒரே நிறுவனம் பத்து வருடத்தில் 39 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைப் பெற்றதாக 2013இல் கணக்கிடப்பட்டது. மீள்கட்டுமானத்துக்கென அமெரிக்கா ஒதுக்கிய சுமார் 60 பில்லியன் டொலரில் குறைந்தது 8 பில்லியன் வீணானது என அதற்கான விசேட கணக்காய்வாளரே அறிக்கையிட்டார். ஒருவருக்கு வீண்செலவு, இன்னொருவருக்கு வருமானம்!

அந்த வேலைகளைச் செய்த கூலிகள் யார்? பெரும்பாலும் தெற்காசியாவின் ஏழைகள். 2004 ஓகஸ்டில் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்ட 12 நேபாளத் தொழிலாளர்கள், கடன்பட்டுப் பிழைக்கப் போனவர்களே.

இரண்டாவது, எண்ணெய். எண்ணெய்க்காகவே யுத்தம் என்று உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆனால் 2009இல் ஈராக் தனது எண்ணெய் வயல்களை ஏலத்தில் விட்டபோது, மிகப் பெரிய றுமைலா வயலைப் பிரித்தானியாவின் பி.பி. நிறுவனத்துடன் சேர்ந்து எடுத்தது சீன அரச நிறுவனம். ஒரு பீப்பாய்க்கு அவர்களுக்குக் கிடைத்த கட்டணம் வெறும் 2 டொலர். பின்னர் அமெரிக்காவின் எக்ஸோன் நிறுவனம் மேற்கு குர்னா வயலிலிருந்து வெளியேற, 2024இல் அதன் தலைமைப் பொறுப்பும் ஒரு சீன நிறுவனத்துக்கே போனது. ஒரு சிப்பாயைக்கூட அனுப்பாத நாடு, வரிசையில் முன்னால் நிற்கிறது.

மூன்றாவது, ஈரான். அமெரிக்கத் தரைப்படை 2019இல் வெளியிட்ட தனது சொந்த ஆய்விலேயே, இந்த யுத்தத்தில் வென்றதாகத் தோன்றும் ஒரே தரப்பு ஈரான்தான் என முடிவுக்கு வந்தது. அந்த இலாபமாவது நிலைத்ததா? 2024 டிசெம்பரில் சிரியாவில் ஈரானின் நேச ஆட்சி கவிழ்ந்தது. 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் மீதே அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. யுத்தத்தில் சம்பாதித்த இலாபம் யுத்தத்திலேயே கரைந்தது.

நமக்கு வந்த சீட்டு

"இதெல்லாம் பெரிய நாடுகளின் கதை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்கும் ஒரு சீட்டு வந்தது. அது 2003க்கு முன்னரே வந்தது.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். கிழக்கு முஸ்லிம்களின் வாழ்வில் மிகக் கரிய அந்த மாதத்தில்தான், குவைத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காசும் நின்றது. அங்கு வீட்டுப் பணிப்பெண்களாகவும் சாரதிகளாகவும் இருந்த இலங்கையர் பாலைவனம் கடந்து ஜோர்தான் முகாம்களில் காத்துக்கிடந்து, வெறுங்கையோடு திரும்பினார்கள். குவைத் தினாரை ஈராக் தினாருக்குச் சமம் என ஈராக் அரசு முதலில் அறிவித்து, பின்னர் புழக்கத்திலிருந்தே நீக்கியதால் சேமிப்பும் கடதாசியானது.

இவ்வாறானவர்களுக்காக ஐ.நா. பாதுகாப்புச் சபை 1991இல் நட்டஈட்டு ஆணைக்குழுவொன்றை அமைத்தது. குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்த தனி நபருக்கு 2,500 அல்லது 4,000 டொலர் என நிலையான தொகை நிர்ணயிக்கப்பட்டது. நமது நாட்டவரும் அரசாங்கத்தின் ஊடாக விண்ணப்பித்துப் பெற்றார்கள். அந்தக் காசில் கூரை போட்ட வீடுகளும், கொடுத்து முடித்த கடன்களும், நடந்த கல்யாணங்களும் உண்டு. உழைப்பைப் பறிகொடுத்தவர்களுக்கு அது நியாயமான தொகைதான்.

ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஈராக்கின் எண்ணெய் ஏற்றுமதி வருமானத்தில் ஆரம்பத்தில் 30 வீதம் இதற்கெனக் கழிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையால் அந்நாட்டின் சாதாரண மக்கள் மருந்துக்கும் உணவுக்கும் தவித்த காலம் அது. யுத்தத்தை முடிவு செய்தவர் சதாம் ஹுஸைன். அவர் 2006இல் தூக்கிலிடப்பட்ட பின்னரும் கழிவு தொடர்ந்தது. மொத்தம் 52.4 பில்லியன் டொலர் கட்டி முடிந்தது 2022 ஜனவரியில். 1990இல் பிறந்தே இருக்காத ஈராக்கியரும் அந்தக் கடனைக் கட்டினார்கள்.

ஆக, 2003இன் கணக்கானாலும் 1990இன் கணக்கானாலும் ஒரே பாடம்தான். யுத்தத்தில் முடிவெடுப்பவர் ஒருவர், இலாபம் எடுப்பவர் வேறொருவர், விலை கொடுப்பவர் மூன்றாமவர். இந்த மூவரையும் "நாடு" என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் "நாடு வென்றது" என்று சொல்ல முடிகிறது. பேரேட்டை விரித்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தால், வென்ற நாட்டிலும் தோற்றவர்களே அதிகம்.

நாம் என்ன செய்யலாம்?

யுத்தத்தை நிறுத்தும் பலம் நம்மிடம் இல்லை. அதன் சீட்டு நம் வாசலுக்கு வரும்போது தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையாவது செய்யலாம். வளைகுடாவில் பதற்றம் கூடினால் எண்ணெய் விலை ஏறும். சாய்ந்தமருது மீனவரின் படகு இயந்திரத்துக்கான மண்ணெண்ணெயும், சம்மாந்துறை விவசாயியின் உழவு இயந்திரத்துக்கான டீசலும் அதே விலையோடு கட்டப்பட்டவை. நமது பல குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அதே வளைகுடாச் சம்பளத்தில்தான்.

ஆகவே வெளிநாட்டில் ஒருவர் உழைக்கும் குடும்பம், வரும் காசு முழுவதையும் வீட்டுச் சுவரில் போட்டுவிடாமல், ஆறு மாதச் செலவுக்காவது தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். உள்ளூரில் இன்னொரு சிறு வருமானமும் தேவை. கைத்தறியோ, கோழி வளர்ப்போ, சிறு கடையோ எதுவாகவும் இருக்கலாம். பயணத்துக்கு முன் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வது, வேலை ஒப்பந்தம், கடவுச்சீட்டு, வங்கி ரசீது ஆகியவற்றின் பிரதிகளை ஊரில் ஒருவரிடம் கொடுத்து வைப்பது ஆகியவை நல்ல பாதுகாப்பு. நிலையான தொகைக்கு மேல் இழந்ததைக் கேட்கப் போனவர்களிடம் ஆணைக்குழு எதிர்பார்த்தது ஆதாரங்களைத்தான்.

அடுத்த முறை தேநீர்க்கடையில் "யார் வெல்வார்?" என்ற பேச்சு எழும்போது, "யார் கட்டுவார்?" என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு எந்தக் கட்சியும் இலகுவில் பதில் சொல்லாது.