4294967297

4294967297 (நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு) என்பது பத்து இலக்கங்களைக் கொண்ட ஓர் ஒற்றைப்படை இயல் எண் ஆகும். இதனை 2³² + 1 எனவும் எழுதலாம். ஃபெர்மா எண்களுள் ஒன்றான இது பகா எண் என்றே கருதப்பட்டு வந்தது. 1732 ஆம் ஆண்டில் இது பகு எண் என அறியப்பட்டது. இதன் பகாக் காரணிகள் இரண்டு:

4294967297 = 641 × 6700417

ஃபெர்மாவின் ஊகம்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் டி ஃபெர்மா பின்வரும் எண்களை ஆராய்ந்தார்.

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65537

இவை ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இவ்வாறு இரட்டித்துக்கொண்டே சென்றால் கிடைக்கும் எல்லா எண்களும் பகா எண்களாகவே இருக்கும் என 1640 ஆம் ஆண்டில் அவர் கருதினார். எனினும் அதற்கான நிறுவலை அவர் தரவில்லை. இவ்வரிசையில் அடுத்து வருவதே 4294967297.

ஆய்லரின் கண்டுபிடிப்பு

லியோனார்டு ஆய்லர் 1732 ஆம் ஆண்டில் இவ்வெண் 641 ஆல் மீதியின்றி வகுபடும் எனக் காட்டினார். இதனால் ஃபெர்மாவின் ஊகம் தவறானது. இவ்வெண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64 ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 தரவேண்டும் என்பதைப் பின்னர் அவர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என அமைகின்றன. ஆகவே ஐந்தாவது முயற்சியிலேயே காரணி கிடைத்துவிடுகிறது.

நிறுவல்

641 என்னும் எண்ணை இரு வகைகளில் எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் சமன்பாட்டின்படி, 5 × 2⁷ ஐ 641 ஆல் வகுத்தால் மீதி −1 எனக் கொள்ளலாம். இதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ இன் மீதி 1 ஆகும். இரண்டாம் சமன்பாட்டின்படி 5⁴ க்குப் பதிலாக −2⁴ ஐ இடலாம். எனவே −2³² இன் மீதி 1 ஆகிறது. ஆதலால் 2³² + 1 என்பது 641 ஆல் மீதியின்றி வகுபடும்.

பிற பண்புகள்

* இதன் வகுத்திகள் 1, 641, 6700417, 4294967297 ஆகிய நான்கு. இவற்றின் கூட்டுத்தொகை 4301668356.
* இரும முறையில் இது 33 இலக்கங்கள் உடையது. முதலிலும் இறுதியிலும் 1 உம் இடையில் 31 சுழியங்களும் அமையும்.
* இதனை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதலாம்: 65536² + 1² மற்றும் 62264² + 20449². ஒரு பகா எண்ணை ஒரு வழிக்கு மேல் இவ்வாறு எழுத இயலாது. எனவே இதுவும் இவ்வெண் பகு எண் என்பதற்குச் சான்றாகும்.
* ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைக் கொண்டு 2 ஐ அடிமானமாக வைத்துச் சோதித்தால் இது பகா எண் போலவே தோன்றும். எனவே இது ஒரு போலிப் பகா எண். 3 ஐ அடிமானமாகக் கொண்டால் இது பகு எண் என்பது வெளிப்படும்.
* இதைவிட 2 குறைவான 4294967295 என்பது மேற்கண்ட ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன் ஆகும். அத்தனை பக்கங்களைக் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய இயலும் என்பது கோட்பாட்டளவில் உண்மை. 4294967297 பக்கங்களைக் கொண்டதை அவ்வாறு வரைய இயலாது.

ஃபெர்மா சுட்டிய ஐந்து எண்களைத் தவிர இவ்வரிசையில் வேறு பகா எண் எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. வேறு பகா எண் இல்லை என்பதும் நிறுவப்படவில்லை. எடுத்துக்காட்டுகள் பல பொருந்தினாலும் அவை நிறுவலுக்கு ஈடாகா என்பதற்கு இவ்வெண் தக்க சான்றாக உள்ளது.