மாலை 7 மணிக்கு முதல் இடம்! இரவு 9 மணிக்கு 71-வது இடம்!
இன்டர்நெட்டில் குறுக்கு வழியில் போன பெரிய கடையின் கதை

பிரயாணத்துக்குப் பெட்டி வாங்க வேண்டும். விமானத்தில் கையோடு எடுத்துப் போகிற, "சாம்சனைட்" கம்பெனியின் சிறிய பெட்டி.

2010-ம் ஆண்டு முடிந்து 2011 பிறந்த நேரம். அப்போது அமெரிக்காவில் ஒருவர் இந்தப் பெட்டியைக் கூகுளில் தேடினால், முதலில் வந்து நின்றது யார் தெரியுமா? பெட்டியைச் செய்கிற சாம்சனைட் கம்பெனி அல்ல. "ஜே.சி.பென்னி" என்ற கடை!

பெட்டி மட்டும் அல்ல. பெண்கள் உடை என்று தேடினாலும் பென்னி. படுக்கை விரிப்பு என்றாலும் பென்னி. தரை விரிப்பு என்றாலும் பென்னி. எதைக் கேட்டாலும் அந்தக் கடையே முன்னால் வந்து நின்றது. அதுவும் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடாக நடக்கும் மாதங்களில்!

பென்னி சின்னக் கடை அல்ல. 1902-ம் ஆண்டில் தொடங்கி, அமெரிக்கா முழுவதும் கிளை பரப்பிய கடை. ஆனாலும், எல்லாவற்றிலும் முதல் இடமா? "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகைக்குச் சந்தேகம் வந்தது. விஷயம் தெரிந்த ஒரு நிபுணரைக் கொண்டு துருவிப் பார்த்தது.

ஓட்டு எண்ணும் கூகுள்

கூகுள் யாரை முன்னால் நிறுத்துகிறது? இது தெரிந்தால்தான் பென்னியின் குட்டு புரியும்.

லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இருவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்தார்கள். 1998-ம் ஆண்டில் கூகுள் கம்பெனியைத் தொடங்கியவர்கள் இவர்களே. அதற்கு முன்பு, ஒரு சொல் ஒரு பக்கத்தில் எத்தனை தடவை வருகிறது என்பதையே தேடுபொறிகள் பெரிதாகப் பார்த்தன. உடனே சிலர், "பெட்டி, பெட்டி, பெட்டி" என்று நூறு தடவை எழுதி வைத்தார்கள். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை மையால் எழுதுவதைப்போல, கண்ணுக்குத் தெரியாமல் எழுதியவர்களும் உண்டு!

பேஜும் பிரினும் வேறு விதமாக யோசித்தார்கள். ஒரு இணையதளம் இன்னொரு இணையதளத்துக்கு வழி காட்டி "லிங்க்" கொடுக்கிறது அல்லவா? அதை ஒரு ஓட்டாக வைத்துக் கொண்டார்கள். எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு அல்ல. நல்ல பெயர் உள்ள தளம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். "நல்ல கடை எது?" என்று ஊரில் நாலு பெரியவர்களைக் கேட்பது போலத்தான் இதுவும்.

ஓட்டு என்று வந்துவிட்டால், கள்ள ஓட்டும் வரத்தானே செய்யும்!

அம்பலம்

பென்னிக்கு லிங்க் கொடுத்த பக்கங்களைப் பார்த்த நிபுணர் திகைத்துப் போனார். அப்படிப்பட்ட பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அணுசக்தி பற்றிய தளத்தில் பெண்கள் உடைக்கு லிங்க்! சூதாட்டத் தளத்திலும் லிங்க்! உடைக்கும் அணுசக்திக்கும் என்ன சம்பந்தம்? பணம் கொடுத்து வாங்கிய ஓட்டுகள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

பத்திரிகை இந்த விவரத்தைக் கூகுளிடம் கொடுத்தது. பிப்ரவரி 9-ந் தேதி, புதன்கிழமை. மாலை 7 மணிக்குச் சாம்சனைட் பெட்டி தேடலில் பென்னி முதல் இடத்தில் இருந்தது. இரவு 9 மணிக்குப் பார்த்தால் 71-வது இடம்! 71-வது இடம் வரை யார் பொறுமையாகப் புரட்டிப் பார்ப்பார்கள்? கடையை வீதியிலிருந்து தூக்கிக் காட்டுக்குள் வைத்தது போல ஆகிவிட்டது.

"இந்த லிங்குகளை நாங்கள் போடச் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியவும் தெரியாது" என்றது பென்னி. இந்த வேலையைக் கவனித்து வந்த ஆலோசனைக் கம்பெனியை உடனே விலக்கியது.

கூகுள் மீதும் கேள்வி எழுந்தது. பென்னி, கூகுளுக்கு விளம்பரப் பணம் கொடுத்து வந்த கடை. அதனால்தான் இத்தனை மாதம் கண்ணை மூடிக் கொண்டதா? "விளம்பரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்று கூகுள் மறுத்தது. ஆனால் ஒன்று. அந்தக் கிறிஸ்துமஸ் வியாபாரத்தின்போது, நேர்மையாக நடந்து பின்னால் தள்ளப்பட்ட மற்ற கடைக்காரர்களுக்கு யார் நஷ்ட ஈடு கொடுத்தார்கள்?

இதற்கு முன்பும் ஒரு பெரிய கம்பெனி சிக்கியது உண்டு. 2006-ம் ஆண்டில், ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. மோட்டார் கம்பெனியின் தளத்தையே கூகுள் பட்டியலிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கம், வாசகருக்கு வேறு பக்கம் என்று காட்டியதுதான் குற்றம். தவறைத் திருத்திய பிறகு சில நாட்களில் திரும்பச் சேர்த்துக் கொண்டது.

2012-ம் ஆண்டு ஏப்ரலில் "பென்குயின்" என்ற புதிய முறையைக் கூகுள் கொண்டு வந்தது. விலைக்கு வாங்கிய லிங்குகளைக் கண்டுபிடிப்பது அதன் முக்கிய வேலை.

முன்னால் வர என்ன வழி?

வாடிக்கையாளர் எந்தச் சொல்லால் கேட்பாரோ, அந்தச் சொல்லையே பக்கத்தின் தலைப்பில் போட வேண்டும். "பாதணி" என்று எழுதி வைத்தால், "செருப்பு" தேடுகிறவர் எப்படி வருவார்? விலை, அளவு, கடை திறக்கும் நேரம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். பக்கம் செல்போனில் சட்டென்று திறக்க வேண்டும். படம் போட்டால், அது என்ன படம் என்று ஒரு வரி எழுத வேண்டும். படித்தவர்கள் தாங்களாகவே பிறருக்குச் சொல்லும்படி விஷயம் இருந்தால், லிங்குகள் தானே வரும். பலன் தெரியப் பல மாதம் ஆகலாம்.

"பணம் கொடுங்கள், கூகுளில் முதல் இடம் நிச்சயம்" என்று யாராவது வந்தால் உஷாராக இருக்க வேண்டும். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.