அறுபதாயிரம் பேர் வீடு திரும்புவது எப்படி?

வடக்கு லண்டனில் ஆர்சனல் அணி விளையாடும் எமிரேட்ஸ் மைதானத்தில் 60,704 இருக்கைகள். சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு ஆட்டம் என்றால் நண்பகலிலேயே கூட்டம் தலைகாட்டத் தொடங்கிவிடும். சிலர் வழக்கமான பப்பில் பியர் குடித்துவிட்டு வருவார்கள். சிலர் பிள்ளைகளுக்கு அணியின் கழுத்துத் துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு மூச்சிரைக்க ஓடிவருபவர்களும் உண்டு. இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த கூட்டம், ஐந்து மணியளவில் நடுவர் கடைசி விசில் ஊதியதும் ஒட்டுமொத்தமாக எழுந்து வாசலுக்கு வருகிறது. மைதானத்துக்குப் போய்வரும் பயணத்தின் சிக்கல் எல்லாம் இந்தத் திரும்பும் நேரத்தில்தான்.

வெளியூர் அணியின் ரசிகர்களைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதும். பிரீமியர் லீக்கில் அவர்கள் ஒரு மைதானத்துக்கு அதிகபட்சம் 3,000 பேர் வருவார்கள். அவர்களில் பலர் பேருந்துகளில் மொத்தமாக வந்து மொத்தமாகப் போகிறவர்கள், போலீஸும் கூடவே நிற்கும். சொந்த ஊர் ரசிகர்களின் கதை வேறு. அவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். யார் எந்தத் தெருவிலிருந்து எந்த ரயிலைப் பிடித்து வருகிறார் என்பதை யாரும் ஏற்பாடு செய்வதில்லை. ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து முறை அவர்கள் இதைச் செய்கிறார்கள்.

பிரிட்டனில் விளையாட்டு அரங்கப் பாதுகாப்புக்கென ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. 1973இல் முதன்முதலில் வெளிவந்த அதைப் ‘பச்சை வழிகாட்டி’ என்பார்கள். பார்வையாளர் பகுதியில் இருப்பவர்கள் எட்டு நிமிடங்களுக்குள் தடையின்றி நகரும் வெளியேறும் பாதைக்கு வந்துவிட வேண்டும் என்பது அதன் கணக்கு. வாசல்களின் அகலம், படிக்கட்டுகளின் எண்ணிக்கை எல்லாம் இதை வைத்தே தீர்மானமாகின்றன. எட்டு நிமிடத்தில் வெளியே வந்தவர் ரயில் ஏற எவ்வளவு நேரம் ஆகலாம்? அதற்கு அப்படியொரு கெடு கிடையாது. அரங்கத்தைக் கட்டுவது கிளப், ரயிலை ஓட்டுவது இன்னொருவர், தெரு மாநகராட்சியின் பொறுப்பு. மூவருக்கும் நடுவே மாட்டிக்கொள்பவர் டிக்கெட் வாங்கியவர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இருபதாயிரம் பேர், ஒரே நிலையத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு ரயிலில் நெருக்கி ஏற்றினால் எண்ணூறு பேர். எல்லா ரயில்களும் காலியாக வந்தாலே இருபத்தைந்து ரயில்கள் வேண்டும். சனிக்கிழமை மாலை லண்டனில் எந்த ரயில் காலியாக வரும்?

இந்தக் கணக்கு ஒரு கிளப்பின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது. ஆர்சனல் பிறந்தது 1886இல், தேம்ஸ் நதிக்குத் தெற்கே வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடையே. பிளம்ஸ்டெட்டில் இருந்த அதன் மைதானத்துக்கு நகரின் மையத்திலிருந்து போய்ச்சேருவது பெரும்பாடு. கூட்டம் குறைந்தது, கடன் ஏறியது. 1910இல் கிளப்பைக் கையிலெடுத்த ஹென்றி நாரிஸ், தான் தலைவராக இருந்த ஃபுல்ஹாமோடு இதை இணைக்கப் பார்த்தார். அது நடக்கவில்லை. பிறகு லண்டன் முழுக்க இடம் தேடி, ஹைபரியில் ஓர் இறையியல் கல்லூரியின் நிலத்தைப் பிடித்தார். அந்த இடத்தின் பெருமை நிலத்தில் இல்லை. பக்கத்திலேயே 1906இல் திறக்கப்பட்ட கில்லெஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையம் இருந்தது. அதற்காகவே ஒரு கிளப் நதியைத் தாண்டிக் குடிபெயர்ந்தது. ‘எங்கள் வட்டாரத்துக்குள் வராதே’ என்று வடக்கு லண்டனின் இன்னொரு கிளப்பான டோட்டன்ஹாம் எதிர்த்தது. அந்தப் பகை இன்றைக்கும் ஓயவில்லை. 1913 செப்டம்பரில் ஹைபரியில் முதல் ஆட்டம் நடந்தது.

பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன் 1925இல் வந்தார். ஊர் முழுக்க ஓடும் ரயிலின் வரைபடத்தில் கிளப்பின் பெயர் இருந்தால் அதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா என்று யோசித்த மனிதர் அவர். ரயில் நிறுவனத்திடம் விடாமல் பேசி, 1932இல் நிலையத்தின் பெயரையே ‘ஆர்சனல்’ என்று மாற்ற வைத்தார். லண்டன் சுரங்க ரயிலில் ஒரு கால்பந்து கிளப்பின் பெயரைத் தாங்கிய நிலையம் அது ஒன்றுதான். பிளாட்பாரச் சுவரின் ஓடுகளில் பழைய பெயர் இன்றும் இருக்கிறது.

அங்கே இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். அந்த நிலையத்தில் நகரும் படிக்கட்டு இல்லை, நீண்ட சரிவுப் பாதைதான். பாதையின் நீளத்துக்குக் கம்பித் தடுப்பு போட்டு ஒரு குறுகிய பக்கமும் ஓர் அகலப் பக்கமுமாகப் பிரித்திருக்கிறார்கள். போட்டி நாளில் கூட்டம் போகும் திசைக்கு அகலப் பக்கம், எதிரே வருபவர்களுக்குக் குறுகிய பக்கம். ஆட்டத்துக்கு முன் ஒரு திசை, பின் மறு திசை. பல கோடி செலவழித்த நவீன ஏற்பாடுகளைவிட இந்தக் கம்பித் தடுப்பின்மீது எனக்கு மரியாதை அதிகம்.

2006இல் ஆர்சனல் சில நூறு மீட்டர் தள்ளி எமிரேட்ஸுக்கு மாறியது. புதிய மைதானத்தின் தெற்குப் பக்கத்துக்குக் கிட்டத்தில் இருப்பது ஹாலோவே ரோடு நிலையம். மேலே வர லிஃப்டை நம்பியிருக்கும் நிலையம் அது, பெருங்கூட்டத்தைத் தாங்காது. அதை விரிவாக்கும் யோசனை இருந்தது, செலவு கருதிக் கைவிட்டார்கள். அதனால் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நிலையம்தான் ஆட்டம் முடியும் நேரத்தில் பயன்படாத நிலையம். ரசிகர்கள் ஆர்சனல், ஃபின்ஸ்பரி பார்க், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் என்று பிரிந்து நடக்கிறார்கள். குறையாகத் தெரியும் இதில் ஒரு நன்மையும் உண்டு. நடக்கும்போதே கூட்டம் கரைந்துவிடுகிறது.

கூட்டம் கரையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிளாஸ்கோ சாட்சி. 1971 ஜனவரி 2, ஐப்ராக்ஸ் மைதானம், ரேஞ்சர்ஸுக்கும் செல்டிக்குக்கும் ஆட்டம். கடைசி நிமிடங்களில் ஆளுக்கொரு கோல் போட்டு 1-1 என முடிந்தது. வெளியேறும்போது 13ஆம் எண் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் இறந்தார்கள். சமன் செய்த கோலின் ஆரவாரம் கேட்டு, இறங்கியவர்கள் திரும்பி ஏறியதால்தான் விபத்து என்று நெடுநாள் பேசப்பட்டது. விசாரணை அதை ஏற்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதற்காக அத்தனை பேரும் அந்தப் படிக்கட்டுக்கே வந்தார்கள்? கோப்லாண்ட் ரோடு சுரங்க ரயில் நிலையத்துக்கு அதுவே குறுக்குவழி. பத்தாண்டுகளுக்கு முன்பே, 1961இல், அதே படிக்கட்டில் இரண்டு உயிர் போயிருந்தது. இந்தத் துயரத்துக்குப் பின்தான் 1975இல் விளையாட்டு அரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இன்று லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் வெஸ்ட் ஹாம் அணியின் ரசிகர்களை ஊழியர்கள் ‘நில்’, ‘போ’ என்று பலகை காட்டி நிறுத்தி நிறுத்தி அனுப்புவது இந்தப் பாடத்தால்தான். பலகை காட்டுபவரைத் திட்டாத ரசிகர் குறைவு. ஆனால் நெரிசல் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், பிளாட்பார விளிம்பிலும் படிக்கட்டிலும் இருக்கக்கூடாது என்பதே அதன் தத்துவம். கூட்டத்தைத் திறந்தவெளியில் நிற்க வைத்து, ரயில் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு பேரை மட்டும் உள்ளே விட வேண்டும்.

வெஸ்ட் ஹாம் என்றதும் லண்டன் தமிழர்களுக்கு ஒன்று நினைவு வரும். 2016 வரை அந்த அணியின் மைதானம் அப்டன் பார்க்கில், கிரீன் தெருவில் இருந்தது. அடுத்த ரயில் நிலையம், தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம். அப்டன் பார்க்கில் போட்டி நாள் என்றால் நிலையத்திலிருந்து மைதானம் வரை தெருவே ரசிகர்களால் நிறையும். இன்று 62,500 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கம் கிடைத்தது, அந்தத் தெருவின் வியாபாரம் போனது. ரசிகர் நடக்கும் வழி மாறினால் ஒரு வட்டாரத்தின் பிழைப்பும் மாறும் என்பதை அரங்கத் திட்டம் போடுபவர்கள் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள்.

ரசிகர்களைக் கார் இல்லாமல் அழைத்துவருவதில் தென்கடற்கரை நகரமான பிரைட்டன் முன்னோடி. அதை முன்னோடி ஆக்கியது வறுமை. 1997இல் கிளப் தன் சொந்த மைதானத்தை இழந்தது. இரண்டு பருவங்கள் எழுபது மைலுக்கு அப்பால் ஜில்லிங்ஹாமில் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை ஆடினார்கள். 1999இல் ஊருக்குத் திரும்பியபோது கிடைத்தது வித்டீன் என்ற தடகள அரங்கம், அதுவும் குடியிருப்புகளுக்கு நடுவே. சுற்றுத் தெருக்களில் கார் நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. எனவே ஆட்ட டிக்கெட்டோடு பேருந்து, ரயில் பயணத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே கார்களை நிறுத்திவிட்டு அங்கிருந்து பேருந்தில் வரும் வசதியும் இருந்தது.

பல ஆண்டு விசாரணை, வழக்குகளுக்குப் பிறகு ஃபால்மரில் புதிய மைதானத்துக்கு 2007இல் இறுதி அனுமதி வந்தது, 2011இல் திறந்தார்கள். வித்டீன் பழக்கம் அங்கேயும் தொடர்ந்தது. அரங்கத்தை ஒட்டியே ஃபால்மர் ரயில் நிலையம், பிரைட்டனிலிருந்து பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் இரண்டே பிளாட்பாரங்கள் கொண்ட சின்ன நிலையம். ஆட்டம் முடிந்ததும் பிரைட்டன் பக்கம் போக ஒரு வரிசை, லூயிஸ் பக்கம் போக இன்னொரு வரிசை. வரிசை நீண்டுதான் நிற்கும். அரங்கத்துக்குள் பார்கள் அதன் பிறகும் திறந்திருக்கும். விருந்தோம்பல் போலத் தெரிந்தாலும் அது போக்குவரத்துத் திட்டத்தின் ஒரு பகுதி. ஆயிரம் பேர் இன்னொரு கோப்பைக்காக உட்கார்ந்தால் ஒரு ரயிலுக்கான வரிசை குறைகிறது. டோட்டன்ஹாமின் புதிய மைதானத்தில் 65 மீட்டர் நீள பார் வைத்ததற்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு.

வரிசையை ஏமாற்ற ரசிகர்களுக்கு இன்னொரு வழி தெரியும். 85ஆவது நிமிடத்தில் எழுந்துவிடுவது. திரையில் ‘வணக்கம்’ போடும் முன்பே வண்டி எடுக்க ஓடும் நம்மூர் ஆட்களைப் போலத்தான். அணி தோற்றுக்கொண்டிருந்தால் மனசாட்சியும் உறுத்தாது.

ஜெர்மனியில் டிக்கெட்டோடு பயணம் என்பது சலுகையாகக் கருதப்படுவதில்லை, அது நெடுங்கால வழக்கம். டோர்ட்முண்டின் 81,365 பேர் கொள்ளும் மைதானத்துக்கு ஆட்ட டிக்கெட்டையே ரயில் டிக்கெட்டாகக் காட்டிப் போகலாம். 2024 யூரோ கோப்பையிலும் ஒவ்வொரு ஆட்ட டிக்கெட்டோடும் 36 மணி நேர உள்ளூர்ப் பயணச் சீட்டு இலவசமாகக் கிடைத்தது. ஆனாலும் கெல்சன்கிர்ஷனில் இங்கிலாந்து – செர்பியா ஆட்டம் முடிந்து ரசிகர்கள் டிராமுக்காக மணிக்கணக்கில் தவித்தார்கள். இலவசச் சீட்டு இருந்தது, ஏறத்தான் டிராம் இல்லை.

புதிய மைதானங்களும் பாடம் படித்துவிடவில்லை. லிவர்பூலில் 1892 முதல் குடிஸன் பார்க்கில் ஆடிய எவர்ட்டன் 2025இல் துறைமுகக் கரையில் புது அரங்கத்துக்குப் போனது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முக்கிய ரயில் நிலையம் சாண்ட்ஹில்ஸ், அங்கிருந்து கால் மணி நேரத்துக்கு மேல் நடை. சுற்றுவட்டாரத்தில் போட்டி நாள் வாகனக் கட்டுப்பாடு வந்ததும் கடைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

ரயில்காரர்களும் கிளப்களும் ஒத்துழைத்தாலும் ஆட்ட நேரத்தை மாற்றும் தொலைக்காட்சி விடாது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு ரயில் தாராளம். திங்கள் இரவு எட்டு மணி ஆட்டத்துக்கும் ஞாயிறு ஆட்டத்துக்கும் கடைசி ரயிலும் தண்டவாளப் பராமரிப்பும் குறுக்கே வரும். இதில் உச்சம் டிசம்பர் 26. பிரிட்டிஷ் கால்பந்தின் திருநாள் அது. அன்று அந்நாட்டின் பெரும்பாலான ரயில்கள் ஓடுவதே இல்லை.

இந்தியாவில் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம் 1984இல் திறந்தது. அதன் வாசலுக்கு மெட்ரோ வந்தது 2020 பிப்ரவரியில். அதுவரை மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கொடி கட்டிய லாரிகளிலும் பேருந்துகளிலும் தொங்கிக்கொண்டு போனார்கள். ஹவுராவிலிருந்து ஒரே ரயிலில் வர 2025 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னையில் கிரிக்கெட்டுக்கு ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. அண்மைய ஐபிஎல் பருவங்களில் சேப்பாக்கம் டிக்கெட்டைக் காட்டி மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் கட்டணமின்றிப் போகும் ஏற்பாடு வந்தது. நேரு அரங்கில் சென்னையின் எஃப்சி கால்பந்து அணி ஆடும் நாட்களுக்கும் அதை நீட்டிப்பதில் என்ன தடை? சென்ட்ரல் மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

லண்டனுக்குப் போய் ஆர்சனல் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடத்தில் ஹாலோவே ரோடு பக்கமாகத் தெரியும், நம்பாதீர்கள். ஃபின்ஸ்பரி பார்க்கில் இறங்கி நடங்கள். திரும்பும்போது ஓர் அரை மணி நேரம் தாமதித்துக் கிளம்புங்கள். இரவு ஆட்டம் என்றால் கடைசி ரயிலின் நேரத்தை மைதானத்துக்குள் போகும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.