கடலின் கடிகாரம் பார்த்துப் புறப்படுங்கள்



தாராவியின் 90 அடிச் சாலையிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ இருபது முப்பது ஆண்டுகள் குடியிருந்தும், மும்பையைச் சூழ்ந்திருக்கும் கடலை ஒருமுறையேனும் கடந்திராத குடும்பங்கள் நம் சபைகளில் ஏராளம். ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்தால் கேட்வேயையும் ஜூஹுவையும் காட்டிவிட்டுத் திரும்ப ரயிலேற்றிவிடுகிறோம். இம்முறை அவர்களை அக்கரையிலுள்ள அலிபாகுக்கு அழைத்துச் சென்றுவர நீங்கள் எண்ணினால், ஒரே நாளில் அது கூடும். ஆனால் நம்முடைய வசதியைப் பார்த்து மட்டும் நாள் குறிக்கிற பிரயாணமன்று இது.

அலிபாகுக்குப் பன்வேல், பேண், வட்கல் வழியாகத் தரைமார்க்கமாய்ப் போனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கடல்வழியே பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வா துறைக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து அலிபாக் இருபது கிலோமீட்டர் அளவுதான். 2020 மார்ச்சில் தொடங்கிய ரோ-ரோ கப்பல் காரையும் மோட்டார் சைக்கிளையும் ஆட்களோடு ஏற்றிச் செல்கிறது. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது பாலத்தால் தரைவழியும் சுருங்கிவிட்டது உண்மையே. எனினும் அந்தப் பாலத்தில் இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியில்லை. பைக் ஒன்றே வைத்திருக்கும் இளம் தம்பதிக்குக் கப்பல்தான் நேர்வழி.

வாகனமே இல்லாதவர்களும் தாராளமாய்ப் போகலாம். பாவுச்சா தக்காவுக்கு அருகான ரயில் நிலையம் ஹார்பர் பாதையிலுள்ள டாக்யார்ட் ரோடு. செம்பூரிலிருந்து நேரே ரயில் உண்டு. மாதுங்கா, தாராவி மக்களுக்குக் கிங்ஸ் சர்க்கிள் அல்லது மாகிம். கேட்வேயிலிருந்து மாண்ட்வா செல்லும் லாஞ்சுகளில் சில, அலிபாக் வரையிலான பேருந்தையும் அதே டிக்கெட்டில் சேர்த்துத் தருகின்றன. செலவைக் கணக்கிடும் குடும்பங்களுக்கு இதுவே உகந்தது.

இனி நாள் குறிப்பதைப் பார்ப்போம். ஞாயிறு நமக்கு ஆராதனை நாள். போதாக்குறைக்கு ஹார்பர் பாதையில் மெகா பிளாக் வேறு. ஆகையால் நம்மவர்கள் எல்லாரும் ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 என்று அரசு விடுமுறைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். நகரத்தில் மற்றவர்களும் அதையே செய்கிறபடியால் துறையில் நிற்க இடமிராது. ஒரு நாள் விடுப்பெடுத்து, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு வாரநாளில் போவதே நலம் என்பது என் எண்ணம். மழைக்காலத்தில் கேட்வே லாஞ்சுகள் நிறுத்தப்படும். பெரிய கப்பல் ஓடினாலும் வானிலை கெட்டால் ரத்தாகும். மே மாதக் கடைசியில் புறப்பட எண்ணுகிறவர்கள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

மாதம் குறித்தாயிற்று என்றால் அடுத்ததாகக் கடலின் ஏற்ற வற்றத்தைக் கவனியுங்கள். அலிபாக் கடற்கரைக்கு எதிரே நீருக்குள் நிற்கும் குலாபா கோட்டை, சிவாஜி காலத்தில் எழும்பிக் கான்ஹோஜி ஆங்ரேயின் கடற்படைக்குத் தளமாயிருந்தது. வற்றத்தின்போது மணலில் நடந்தே அங்கு செல்லலாம். ஏற்றத்தின்போது அதே மணல் ஆழ்ந்த நீருக்கடியில் கிடக்கும். நடந்து போனவர்கள் நேரம் தப்பினால் திரும்பி நடக்க வழியில்லை.

கொங்கண் மீனவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து எத்தனையாம் திதியோ அந்த எண்ணை முக்காலால் பெருக்கினால், கடல் நிறைந்திருக்கும் மணி கிடைக்கும். எட்டாம் திதியென்றால் ஆறு மணி; அன்று நண்பகலையொட்டி வற்றம். பன்னிரண்டாம் திதியென்றால் ஒன்பது மணிக்கு ஏற்றம், பிற்பகல் மூன்றையொட்டி வற்றம். நாம் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களல்லர், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வசன நாட்காட்டியில் திதியும் இராது. ஆனாலும் இது நல்ல நேரம் பார்க்கிற காரியமன்று. நிலவின் வயதை எண்ணுகிற காரியம். ஏறக்குறையச் சொல்கிற கணக்கே ஆதலால், அன்றைய ஏற்ற வற்ற அட்டவணையோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. எட்டாம் திதியையொட்டிய நாட்களில் வற்றம் நடுப்பகலில் வசதியாய் வந்தாலும், நீர் முழுவதும் இறங்காது. முழங்கால் வரை நனைய வேண்டியிருக்கலாம். பாட்டிக்கு அது ஆகாது. பதினொன்று, பன்னிரண்டாம் திதிகளில் நீர் நன்றாய் இறங்கும், நேரமும் ஒத்துவரும். எந்த நாளாயினும் வற்றத்துக்கு ஒரு மணி முன்பாக நடக்கத் தொடங்கி, நீர் ஏறத் தொடங்குமுன் கரைசேர்ந்துவிடுங்கள். கரையிலுள்ள குதிரைவண்டிக்காரர் "இனி வேண்டாம்" என்று சொன்னால், உங்கள் கணக்கை விட்டு அவர் சொல்லைக் கேளுங்கள்.

இவ்விடத்தில் அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வருகிறது. கடற்பிரயாணத்துக்கு ஏற்ற காலம் கடந்துவிட்டதென்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பிப் புறப்பட்டான். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று லூக்கா எண்ணிக்கையைக் கூட எழுதிவைத்திருக்கிறார். வாலிபர் கூட்டத்தையோ ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளையோ அழைத்துச் செல்லும் பொறுப்பாளர்களும் அவ்விதமே பெயர்ப்பட்டியலைத் தாளில் எழுதி, ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ண வேண்டும்.

மும்பைக் கடலில் நிகழ்ந்த இரண்டு காரியங்களை இதனால் சொல்லவேண்டியிருக்கிறது. 1947 ஜூலை 17 அன்று காலை, இதே பாவுச்சா தக்காவிலிருந்து ரேவஸ் துறைக்குப் புறப்பட்ட ராம்தாஸ் என்னும் கப்பல் கொந்தளிப்பில் கவிழ்ந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழைக்காலத்தின் நடுவில் திரளான ஜனத்தோடு போன கப்பல் அது. 2024 டிசம்பர் 18 அன்று, அமைதியான பனிக்கால மாலையில், கேட்வேயிலிருந்து எலிஃபெண்டாவுக்கு நூறுக்கு மேற்பட்டவர்களோடு சென்ற படகின்மேல், இயந்திரச் சோதனையிலிருந்த கடற்படை விரைவுப்படகு ஒன்று மோதி 15 பேர் இறந்தனர். கடல் அமைதியாயிருந்தாலும் லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்பதை அந்த மாலை காட்டிற்று. ஏறினவுடனே அதைக் கேட்டு வாங்கி அணியுங்கள். பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களின் ஜாக்கெட் சிறுபிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும். படகு நிரம்பி வழிந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். அரைமணி போனால் போகட்டும்.

வாகனத்தோடு போகிறவர்கள் முன்பதிவு செய்து, குறித்த நேரத்துக்கு மிகவும் முன்னதாகவே துறையிலிருங்கள். கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். பயணத்தின்போது வேண்டிய மருந்தும் தண்ணீரும் கையோடிருக்கட்டும். அடுப்பும் எரிவாயு உருளையும் வேண்டவே வேண்டாம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பிற்பகல் வரை கெடாது. குமட்டல் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சற்றுக் குறையும்.

அக்கரையில் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். அலிபாகுக்கு வடக்கே நவ்காவ் என்னும் கிராமம் உண்டு. பெனே இஸ்ரவேலர் என்னும் யூதர்கள், தங்கள் முன்னோர் வந்த கப்பல் அதன் அருகே உடைந்ததென்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே பிழைத்துக் கரையேறினரென்றும் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவருகிறார்கள். மாண்டவர்களைப் புதைத்ததாய்ச் சொல்லப்படும் இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. கரையேறினவர்களின் சந்ததியார் செக்காட்டி எண்ணெய் விற்றுப் பிழைத்தார்கள். ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் செக்கைத் தொடமாட்டார்கள். ஆகவே அக்கம்பக்கத்தார் அவர்களை 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றழைத்தனர். வேறு நாட்டில் வந்திறங்கிக் கைத்தொழிலால் வாழ்ந்து, தங்கள் நாளை விடாது ஆசரித்தவர்களின் கதை, பிழைப்புக்காகத் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. 1948-க்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குச் சென்றுவிட்டனர். அலிபாகில் மாகேன் அபோத் என்னும் ஜெப ஆலயம் இருக்கிறது. முன்னதாகக் கேட்டு அனுமதி பெற்றே உள்ளே செல்லுங்கள். சனிக்கிழமை சுற்றிப்பார்க்கும் நாளாய் அங்கே போகாதீர்கள். அலிபாகுக்கு அருகே கண்டாலா என்னும் சிற்றூரில், எலியா தீர்க்கதரிசியின் இரதம் பட்ட அடையாளம் என்று அவர்கள் காட்டும் பாறையும் உண்டு. அது அவர்களுடைய நம்பிக்கை, மரியாதையோடு பார்த்துவரலாம்.

திரும்பும் கப்பலின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே மாண்ட்வாவில் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கப்பலை நம்பியிராமல் அதற்கு முந்தினதற்கு டிக்கெட் எடுங்கள். அதுவும் தப்பிவிட்டால் கலங்க வேண்டாம்: அலிபாக் நிலையத்திலிருந்து பன்வேலுக்கு அரசுப் பேருந்து உண்டு. பன்வேலில் ஹார்பர் ரயில் ஏறினால் செம்பூர்க்காரர்கள் நேரே வீட்டருகே இறங்கலாம். மாதுங்கா, தாராவி செல்வோர் வடாலாவில் மாறிக் கிங்ஸ் சர்க்கிளில் இறங்க வேண்டும்.